குணாவின் புழுக்கள்

ஓய்வு பெற்றவர்களுக்கான பக்கத்தில் எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. நான் படித்த பல்கலைக்கழகத்தின் தமிழ்ச் சங்க ஆண்டு மலரைத் தொகுக்கும் தங்கைகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "அக்கா, நீங்க புழு வேலைய விட்டு ரிட்டயர் ஆயிட்டீங்கதானே? அது போதும் லா," என்று ஒருத்தி குரல் பதிவு அனுப்பினாள். பின்னணியில் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருத்தி இந்தத் துறைக்கே வர நினைக்கிறாளாம். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஆயர் ஈத்தாமில் வளர்ந்தேன். உயிரியல் படித்தேன். ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிய ஒரே ஒரு விரிவுரையைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிட மறந்தேன். ஒரு புழு மனிதக் குடலுக்குள் வருடக்கணக்கில் வாழ்கிறது. நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை ஏன் விரட்டியடிக்கவில்லை? புழு சும்மா இருப்பதில்லை. நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டித் தூங்கவைக்கும் சில பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் அந்த எதிர்ப்புச் சக்தியே வெறி பிடித்துச் சொந்தக் குடலைப் புண்ணாக்கும் நோயாளிகளுக்கு இந்தப் புழுவைக் கொடுத்தால் என்ன? உலகில் பல இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில், ஒரு கடை வரிசையின் மேல் மாடியில், கீழே டயர் கடையும் பக்கத்தில் டியூஷன் சென்டரும் இருந்த ஒரு சிறிய ஆய்வகத்திலும் கேட்டார்கள். நான் வேலைக்குப் போனது அங்கேதான்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் நல்லையா. முன்பு அரசாங்கச் சுகாதாரத் துறையில் இருந்தவர். பணிக்காலம் முழுவதும் ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களின் வயிற்றுப் புழுக்களைக் கொன்றவர். ஓய்வு பெற்ற பிறகு அதே புழுக்களை வளர்க்க வந்திருந்தார். எங்களோடு பெரும்பாலும் ஆங்கிலம். சினமோ கவலையோ வந்தால் அவர் வீட்டு யாழ்ப்பாணப் பேச்சு வெளியே வரும். ஒருபோதும் குரல் உயர்த்த மாட்டார். நாம் தப்பு செய்தால் அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்து, குழாயடிக்குப் போய், தாமே கழுவி, திரும்பக் கொண்டுவந்து நம் முன்னால் வைப்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

நாங்கள் வளர்த்த கொக்கிப்புழு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். டாக்டரின் வயிற்றிலிருந்து. சோதனைக்குப் புழு வேண்டுமென்றால் அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். "வேறொருத்தரைக் கேக்க எனக்கு வாய் வரேல்ல," என்று சொல்லித் தம் கையின் தோல் வழியாகவே விட்டுக்கொண்டார். காலையில் மூடிய டப்பா ஒன்றை ஆய்வக மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் செய்தித்தாளைப் பிரிப்பார். அந்த டப்பாவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரைச் சங்க மலரில் எழுத முடியாது.

அதன் பிறகு நடப்பதெல்லாம் என் வேலை. மலத்தைக் கரித்தூளும் தண்ணீரும் சேர்த்து மசிக்க வேண்டும். மண்சட்டிக்குக் களிமண் பிசைகிற பதம் வர வேண்டும். நான் ஆயர் ஈத்தாம்காரி, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், எனக்கு அந்தப் பதம் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வேன். அதை வடிதாளில் மெல்லப் பூசி, ஈரம் காயாமல், வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு வாரம் வைப்போம். முட்டைகள் பொரிந்து, குட்டிப் புழுக்கள் ஈரத்தைத் தேடித் தண்ணீருக்கு நகர்ந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடி நூல்கள் தம்மைத் தாமே எழுதிக்கொண்டிருப்பது போல இருக்கும். அதைப் பார்த்த முதல் நாள் கத்திவிட்டேன். டியூஷன் சென்டர் ஆசிரியர் கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பிறகு அவற்றைக் கழுவி, வேறு கிருமி இல்லை என்று உறுதிசெய்து, எண்ணி, சிறு குப்பிகளில் இட வேண்டும். நோயாளியின் முன்கையில் ஒரு துண்டு கட்டுத்துணியில் சொட்டி, மேலே பிளாஸ்டர் ஒட்டுவோம். புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த இடம் அரிக்கும், சிவக்கும், கொப்பளிக்கும். நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புழு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மீதிப் பேருக்கு மிளகாய்ச் சாறு. அதுவும் அரிக்கும், அதுவும் சிவக்கும். யாருக்கு எது என்பது மருத்துவமனையின் மருந்தாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். குப்பிகளில் எண்களை ஒட்டுவது அவர்தான். மலப் பரிசோதனைகூட கோலாலம்பூரில் வேறோர் ஆய்வகத்தில் நடந்தது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் தங்கையே, இதை மறந்துவிடாதே. நான் மறந்தேன்.

குணசேகரன் எங்களிடம் வந்தபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கதவு எங்கே, கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தான். என் வயதுதான். சொந்த ஊரான குளுவாங்கில் அம்மா மட்டும். அப்பா இறந்துவிட்டார். ஸ்கூடாயில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்க் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவன். பெருங்குடல் முழுக்கப் புண். இரத்தமாகப் போகும். ஒரு நாளில் எத்தனை முறை என்று கேட்டால் சிரிப்பான். பாலத்தின் நடுவில், முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நிற்க, ஒதுங்க இடமே இல்லாமல் அவனுக்கு நேர்ந்ததை அவன் சொல்லவில்லை. "அன்னிக்கோட வேலைய விட்டுட்டேன் மிஸ்," என்று மட்டும் சொன்னான். எந்த மருந்தும் கேட்கவில்லை. அடுத்தது அறுவை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றில் ஒரு பை. குணாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பை வரக்கூடாது.

முதல் சொட்டு விட்ட அன்று கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை பேர் மிஸ் குடி வர்றாங்க? வாடகை கேக்கலாமா?"

இது வெறும் மிளகாயாகவும் இருக்கலாம் என்று விதிப்படி நினைவூட்டினேன். வயிற்றுப் பூச்சிக்கான மாத்திரை எதையும் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னேன். தலையாட்டினான். பிளாஸ்டரைப் பிரித்தபோது அந்த இடம் நன்றாகத் தடித்திருந்தது. அவனுக்கு அதுவே போதும். அன்றிலிருந்து அவை அவனுக்குப் பிள்ளைங்க. "பிள்ளைங்களுக்கு இன்னிக்கி நாசி லெமாக்," என்று தேங்காய்ப்பால் சோற்றின் படம் அனுப்புவான். மிளகாய் சம்பலை ஒதுக்கிவைத்திருப்பான், பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்று.

சில மாதங்களில் இரத்தம் நின்றது. கன்னம் நிரம்பியது. பழைய வேலைக்கே திரும்பிப் போனான். ஒரு காலை, பாலத்தின் மேலிருந்து ஒரு படம் வந்தது. கண்ணுக்கெட்டிய வரை வண்டி நெரிசலில் நகராத தலைக்கவசங்கள். கீழே எழுதியிருந்தான்: "ஜேம் மிஸ். சும்மா நிக்கிறேன்."

நான் அதைக் கைப்பேசியில் டாக்டரிடம் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லது. எழுதி வையுங்கோ. முடிவு கட்டாதேயுங்கோ," என்றார். அந்த மனிதருக்கு உற்சாகமே வராதா என்று அன்று எரிச்சல்பட்டேன்.

குணா செய்த தவறு என்று ஒன்று உண்டென்றால், அது வீட்டில் சொல்லாததுதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புழு என்பது ஓர் ஏச்சு. "வயித்துல புழுவ வச்சிக்கிட்டு அலையுது" என்றால் சோற்றுக்கில்லாதவன், செருப்பில்லாதவன், குளிக்காதவன் என்று எல்லாம் அதில் அடங்கும். குணாவின் அம்மா தனலெட்சுமி அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர். மகனை அதே ஏச்சிலிருந்து தூக்கிக் கரைசேர்த்தவர். அவரிடம் போய், காசு கேட்காமல் புழு விடுகிறார்கள், நானும் விட்டுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? கையில் ஒட்டுகிற ஒரு புது மருந்து என்று சொல்லிவைத்தான்.

மகன் தேறியதும் அம்மாவுக்கு வேண்டுதல் நினைவு வந்தது. பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான் என்று முருகனிடம் சொல்லியிருந்தார். விரதம் தொடங்குமுன் அந்த வீட்டில் எல்லாம் சுத்தமாக வேண்டும். திரைச்சீலை துவைப்பார். கறிச் சட்டியைக் கட்டி மேலே ஏற்றுவார். வயிற்றையும் சுத்தம் செய்வார். அது தோட்டத்துப் பழக்கம். விரதத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் பூச்சி மருந்து. குணாவின் அப்பா அதை வேண்டாமென்று கேலி செய்பவர். அதனால் அம்மா மாத்திரையை நுணுக்கி அவருடைய கோப்பியில் கலந்துவிடுவார். அவர் போன பிறகும் அந்த வழக்கம் மகனுக்குத் தொடர்ந்தது. கெட்டிப் பால் ஊற்றிய குளுவாங் கோப்பியில் எதைக் கலந்தாலும் தெரியாது.

விரதத்துக்காக வீட்டுக்கு வந்து தங்கியிருந்தவன், சில நாள் கழித்துக் குப்பைத் தொட்டியில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறான். எனக்கு அழைத்தான். மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவில் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"மிஸ், பிள்ளைங்கள எங்கம்மா கொன்னுட்டாங்க."

இரண்டு மூன்று வாரத்தில் இரத்தம் திரும்பியது. தைப்பூசத்தன்று அவன் கழிவறையில் இருந்தான். அம்மா மட்டும் பால்குடம் எடுத்தார். அதற்குள் மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். சொன்ன விதம் எப்படி என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவன் அம்மா கையால் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். கடையிலிருந்து பொட்டலமாக வாங்கிவந்து, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவான்.

நான் டாக்டரிடம் போனேன். குணாவுக்கு மறுபடியும் புழு விட வேண்டும் என்று கேட்டேன். அவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். குனிந்தபடியே, பூச்சி மருந்து சாப்பிட்டவர் சோதனையிலிருந்து விலக்கப்படுவார் என்ற விதியைச் சொன்னார். அந்த விதி எனக்கும் மனப்பாடம்தான் என்றேன். இது விதி இல்லை, ஓர் ஆளின் குடல் என்றேன். அம்மா கோப்பியில் கலந்த கதையையும் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அந்தப் பழக்கத்தைத் தோட்டங்களிலே போட்டது நாங்கள்தான், பிள்ளை. வரிசையிலே நிக்க வைச்சு, வாயைத் திறக்கச் சொல்லிப் பருக்கினம். பண்டிகைக்கு முந்திச் செய்தால் சனம் மறக்காது எண்டு நாங்கள்தான் சொல்லிக் குடுத்தம்."

மேசையில் குட்டிப் புழுக்கள் நிறைந்த தட்டு இருந்தது. குணா முந்தின நாள் தொலைபேசியில் கேட்டதை அப்படியே சொன்னேன்: உங்க டாக்டர் வயித்துல இருக்கிறதுல கொஞ்சம் தரச் சொல்லுங்க மிஸ், நான் வேற எதுவும் கேக்கல.

டாக்டர் அந்தத் தட்டை மூடினார். "அவருக்குள்ள புழு செத்ததோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியாது. இருந்ததோ எண்டும் தெரியாது. தெரியாத ஒண்டை நான் மருந்தெண்டு குடுக்கேலாது."

"இருந்துச்சு டாக்டர். நான் பாத்தேன். அவன் ஜேம்ல நின்னான்."

அவர் எழுந்து குழாயடிக்குப் போய், சுத்தமாகவே இருந்த என் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

மூன்று நாள் அவரிடம் நான் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? குணாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நரம்பு வழியாகக் கொடுத்த மருந்துகளும் கேட்கவில்லை. பெருங்குடலை எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது போர்வையை விலக்கிப் பையைக் காட்டினான். "வாடகைக்கு ஆளே இல்ல மிஸ், இப்ப வீட்டையே இடிச்சிட்டாங்க," என்றான். அந்த நகைச்சுவைக்கு நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவன் அம்மா ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. கோப்பி ஆறிவிடும் ஆண்டி என்றேன். ஆறட்டும்மா, அவன் குடிக்க மாட்டான், சும்மாதான் கொண்டாந்தேன் என்றார்.

சோதனை முடிந்து மருந்தாளர் எண்களைத் திறந்த நாள் வந்தது. புழு பெற்றவர்களுக்கும் மிளகாய் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் சொல்லும்படி இல்லை. இரண்டு பக்கமும் சிலர் தேறினார்கள், இரண்டு பக்கமும் பலர் தேறவில்லை. ஆள் போதவில்லை, காலம் போதவில்லை, இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். திரையில் ஓடிய பட்டியலில் குணாவின் எண்ணைத் தேடிக்கொண்டே பேசினேன்.

மிளகாய்.

திரும்பவும் பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த மலப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. தொடக்கம் முதல் ஒரு முட்டைகூட இல்லை. குணாவின் வயிற்றில் புழுவே இருந்ததில்லை. அவனுடைய அம்மா எதையும் கொல்லவில்லை.

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் சொன்னேனே என்ற முகமாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது பிழைத்திருப்பேன். அப்படி இல்லை. என்னைவிட அதிகமாக நம்பியிருந்தவரின் முகம் அது. அன்று மாலை ஆய்வகத்தைப் பூட்டுமுன், தம் சட்டைப் பையிலிருந்து பூச்சி மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். "குடியிருந்தவையை எழுப்பிப்போட்டன்," என்றார். மறுநாள் டப்பா வரவில்லை. செய்தித்தாளோடும் அவர் வரவில்லை. சில மாதங்களில் ஆய்வகமும் மூடப்பட்டது.

ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு அவரவர் பிரிவைச் சொல்ல அனுமதி உண்டு. நான் அதை நல்ல செய்தியாக நினைத்தேன். இதை எழுதும்போதுகூட அப்படி ஏன் நினைத்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்கூடாயிலிருந்து வண்டி ஓட்டி, ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில்கூட நிற்காமல், நேராகக் குளுவாங் போனேன். வழி நெடுக ஒரே நினைப்பு. இன்றோடு அந்த வீட்டில் ஒரு பழி இறங்கப் போகிறது. பெருங்குடலைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அம்மாவையாவது கொடுக்கலாம்.

கூடத்தில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். குணா அறையிலிருந்து வரவே தயங்கினான். நான்தான் கட்டாயப்படுத்தினேன்.

அவன் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "எனக்காகப் பொய் சொல்ல வேணாம்மா," என்றார். "உன் நல்ல மனசு. ஆனா நாந்தான் கொன்னேன். அது எனக்குத் தெரியும்."

பொய்யில்லை ஆண்டி, ஆய்வகத்தில் பதிவு இருக்கிறது, முட்டை ஒன்றுகூட இல்லை என்று நான் விளக்க விளக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அழும் பிள்ளைக்கு எதையாவது சொல்லிச் சமாளிப்பார்களே, அப்படித்தான் என் பேச்சு அவர் காதில் விழுந்தது.

குணா தன் முன்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு தழும்புகூட இல்லை.

"அரிச்சிச்சே மிஸ்."

"அது மிளகாய், குணா."

"கொப்பளிச்சிச்சே. நான் சொறியாம பாத்துக்கிட்டேன். அதுங்களுக்கு வலிக்கும்னு."

பிள்ளைகளுக்காக அவன் ஒருமுறை அழுது முடித்திருந்தான். நான் வந்து அவை பிறக்கவே இல்லை என்று சொன்னேன். அம்மா கொன்றார் என்று நம்பிய வரை அவனுக்கு ஒரு காரணமாவது இருந்தது.

"அப்ப நான் எப்படி மிஸ் நல்லா இருந்தேன்? பாலத்துல நின்னேனே. அது யாரு?"

"தெரியல."

"திரும்ப ஏன் வந்துச்சு?"

"அதுவும் தெரியல, குணா. இந்த நோய் சில நேரம் தானா அடங்கும். தானா திரும்பும்."

"தானா," என்றான். அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்ப்பது போலச் சொன்னான்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். கரண்டி கிளாஸில் மோதும் சத்தம் கேட்டது. இரண்டு கிளாஸ் கோப்பியோடு வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதை மகனுக்கு முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். இனிமேலாவது என்று நினைத்திருப்பார். நானும் அதையேதான் நினைத்தேன். குணா கிளாஸைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

என் கோப்பியைக் குடித்து முடித்தேன். அவன் ஒரு வார்த்தை பேசட்டும் என்று மெதுவாகக் குடித்தேன்.

இப்போது நான் சிங்கப்பூரில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். காலையில் பாலத்தின் மேல் தொழிற்சாலைப் பஸ் நகராமல் நிற்கும்போது, புழுக்கள் சுரக்கும் பொருளைத் தனியே பிரித்தெடுத்து மருந்தாக்கலாம் என்று வருகிற புதிய ஆய்வுகளைக் கைப்பேசியில் படிக்கிறேன். படிப்பதை நிறுத்த முடியவில்லை. நல்ல ஆய்வுகள். இந்தத் துறைக்கு வர விரும்பும் தங்கையே, உன்னை வராதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். சும்மா நிற்கிற ஒவ்வொரு தலைக்கவசத்தையும் பார்ப்பேன்.

அன்று குளுவாங்கில் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். பின்னால் எடுக்கும்போது வாசல் கிராதி வழியாகக் கூடம் தெரிந்தது. குணாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவன் அம்மா நிறைந்த கிளாஸைச் சிந்தாமல் இரண்டு கைகளாலும் பிடித்து உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.